காது கேளாதோர் பண்பாடு: ஆசிரியருக்கு இந்த வரலாறு எதற்கு?

காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப்போகும் ஆசிரியர்களுக்கான பயிற்சிகளில் 'காது கேளாதோர் பண்பாடும் சைகை மொழி வரலாறும்' என்றொரு பகுதி இப்போது பல நாடுகளில் சேர்க்கப்படுகிறது. அதில் வந்து உட்காரும் ஆசிரியர்களுக்கு வழக்கமாக இரண்டு சந்தேகங்கள் வரும். காது கேட்காதது ஓர் உடல்நிலை. அதற்குள் பண்பாடு எங்கிருந்து வந்தது? சரி, இருக்கட்டும் என்றே வைத்துக்கொண்டாலும், நாளைக்கு வகுப்பில் கைகொடுக்கும் ஐம்பது சைகைகளைச் சொல்லித் தந்தால் ஆகாதா? 1880-ல் இத்தாலியில் நடந்த மாநாட்டைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது?

இரண்டாவது கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. காது கேளாதோர் கல்வியின் பெரிய முடிவுகள் பெரும்பாலும் காது கேட்கும் ஆசிரியர்கள் எடுத்தவை. காது கேளாதவர்களிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமல் எடுத்தவை. கெட்ட எண்ணத்தோடு அல்ல. ஆனாலும் அவற்றில் ஒன்றின் சேதம் ஏறக்குறைய நூறாண்டு நீடித்தது. ஐம்பது சைகைகளை மட்டும் கற்றுக்கொண்டு வகுப்புக்குப் போகிறவர், அதே மாதிரியான முடிவுகளைச் சின்ன அளவில் தினமும் எடுத்துக்கொண்டிருப்பார். எடுக்கிறோம் என்றே அவருக்குத் தெரியாது.

## முதலில் சொற்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சிகிச்சையோ கருவியோ பயிற்சியோ தேவைப்படும் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்தவர்கள் உலகில் சுமார் 43 கோடிப் பேர். அவர்களில் 3.4 கோடிப் பேர் குழந்தைகள். இது மருத்துவக் கணக்கு. எத்தனை டெசிபல் ஒலி காதில் விழுகிறது என்பதை வைத்துப் போடுவது.

காது கேளாதோர் சமூகம் என்று சொல்லும்போது அளவுகோல் வேறு. அங்கே டெசிபல் பெரிய விஷயமில்லை. சைகை மொழியில் புழங்குகிறாரா, அந்த மக்களோடு தன்னைச் சேர்த்துப் பார்க்கிறாரா என்பதே கேள்வி. அறுபது வயதில் கேட்கும் திறனை இழந்தவர் மருத்துவக் கணக்கில் இருப்பார், இந்தச் சமூகத்தில் பெரும்பாலும் இருக்கமாட்டார். காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த, காது நன்றாகக் கேட்கும் பிள்ளையோ சைகை மொழியைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்து, சமூகத்தின் வாசலில் ஒரு காலை உள்ளே வைத்தபடி வாழும்.

கையால் செய்யப்படும் நான்கு வெவ்வேறு விஷயங்களை ஆசிரியர்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுண்டு:

1. சைகை. "இங்கே வா", "வேண்டாம்" என்று எல்லோரும் கையால் காட்டுவது. இதற்கு இலக்கணம் கிடையாது.
2. சைகை மொழி. தனக்கென்று சொல்வளமும் இலக்கணமும் உள்ள இயல்பான மொழி. ஐ.நா. தரும் கணக்கின்படி உலகில் 300-க்கும் மேற்பட்ட சைகை மொழிகள் உள்ளன.
3. விரலெழுத்து. எழுத்துமொழியின் எழுத்துகளை விரல்களால் ஒவ்வொன்றாகக் காட்டுவது. ஆட்பெயர், ஊர்ப்பெயர், புதிய கலைச்சொல் போன்றவற்றுக்கு உதவும். இதை மட்டும் தெரிந்துகொண்டு "எனக்குச் சைகை மொழி தெரியும்" என்பது, நெடுங்கணக்கை ஒப்பித்துவிட்டுத் தமிழ் பேசத் தெரியும் என்பதற்குச் சமம்.
4. சைகைக் குறியீட்டு முறை. பேச்சு மொழியின் சொல் வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சைகையைப் பொருத்துவது. இது சமூகத்தில் வளர்ந்ததல்ல, ஆசிரியர்கள் உருவாக்கியது.

நான்காவது, பார்வைக்குச் சைகை மொழி போலவே இருக்கும். ஆனால் பேச்சு மொழியைக் கையில் ஏற்றிய வடிவம்தான் அது. இது திரும்பத் திரும்ப வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

## இது எந்த வகையில் மொழி?

1955-ல் வாஷிங்டனிலுள்ள, காது கேளாதோருக்கான கேலடெட் கல்லூரியில் ஆங்கிலம் நடத்த வந்தவர் வில்லியம் ஸ்டோகி. காது கேட்பவர். மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கவனித்தபோது, இது ஆங்கிலத்தின் சிதைந்த வடிவமில்லை, தனி ஒழுங்கு கொண்டது என்று அவருக்குப் பட்டது. 1960-ல் அதை ஆய்வாக வெளியிட்டார். உடன் வேலை செய்தவர்களில் பலர் சிரித்தார்கள். காது கேளாதவர்களிலேயே பலர் நம்பவில்லை. "இது மொழியில்லை, வெறும் கையாட்டல்" என்று பள்ளிக் காலம் முழுக்கச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

அவர் கண்டது இதுதான். பேச்சு மொழியில் ஒலியன்கள் சேர்ந்து சொல்லாவது போல, ஒவ்வொரு சைகைச் சொல்லும் கையின் வடிவம், அது செய்யப்படும் இடம், அசைவு என்ற சில கூறுகளால் ஆனது. ஒன்றை மாற்றினால் பொருள் மாறிவிடும். அமெரிக்க சைகை மொழியில் ஐந்து விரல்களையும் விரித்துக் கட்டைவிரல் நுனியை மோவாயில் வைத்தால் 'அம்மா'. அதே கையை அப்படியே நெற்றிக்குக் கொண்டுபோனால் 'அப்பா'. தமிழில் 'பல்', 'கல்' என்று முதல் ஒலியை மாற்றுவதைப் போல இங்கே இடம் மாறுகிறது.

இலக்கணத்தின் ஒரு பாதி முகத்தில் இருக்கிறது. அமெரிக்க சைகை மொழியில், ஆம்-இல்லை என்று பதில் வரும் கேள்விக்குப் புருவம் உயரும். யார், ஏன், எங்கே என்ற கேள்விக்குப் புருவம் சுருங்கும். கைகள் சொல்வது ஒன்றாகவே இருந்தாலும், புருவத்தால் கூற்று கேள்வியாகிவிடும். கையை மட்டும் பார்க்கும் புதிய ஆசிரியருக்கு இது எட்டாது. பிள்ளை ஏதோ முகத்தைச் சுளிக்கிறது என்று நினைப்பார். பிள்ளையோ "ஏன்" என்று இலக்கணப்படி கேட்டுக்கொண்டிருக்கும்.

அப்புறம் இடத்தைப் பயன்படுத்தும் விதம். 'கார் மரத்தைச் சுற்றிக்கொண்டு போனது' என்பதை அமெரிக்க சைகை மொழியில் சொல்ல, ஒரு முன்கை நிமிர்ந்து நின்று மரமாகிறது. மறு கையின் மூன்று விரல்கள் வாகனமாகி அதைச் சுற்றி வருகின்றன. கார் எந்தப் பக்கமாக வந்தது, எவ்வளவு வேகம், மரத்தை ஒட்டி வந்ததா விலகி வந்ததா எல்லாமே அந்த ஓர் அசைவில் அடங்கிவிடும். பேச்சு மொழியில் சொற்கள் வரிசையில் நிற்க வேண்டும். இங்கே ஒரே நேரத்தில் பல தகவல்கள் வரும். நான்காம் வகையான குறியீட்டு முறை தடுமாறுவது இந்த இடத்தில்தான்: ஒரே அசைவில் முடியும் விஷயத்தை ஏழெட்டுச் சைகைகளாக உடைத்து, பார்க்கிறவரைச் சலிப்படையச் செய்யும்.

மூளையும் இதை மொழியாகவே நடத்துகிறது. பக்கவாதத்தால் இடப்பக்க மூளையின் மொழிப் பகுதிகள் பாதிக்கப்பட்ட சைகையாளர்களுக்குக் கை நன்றாக அசைந்தாலும் சைகை மொழி குலைந்துபோனதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். சைகையோடு வளரும் குழந்தைகள் பேச்சுக் குழந்தைகளின் மழலைப் பருவத்திலேயே கையால் மழலை பேசுகின்றன என்று 1991-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இன்னொரு தவறான எண்ணம்: சைகை மொழி உலகம் முழுக்க ஒன்றே என்பது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பேசுவது ஆங்கிலம். ஆனால் பிரிட்டிஷ் சைகை மொழிக்காரரும் அமெரிக்க சைகை மொழிக்காரரும் சந்தித்தால் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. அமெரிக்க சைகை மொழிக்கு உறவு பிரெஞ்சு சைகை மொழியோடு. அது எப்படி நேர்ந்தது என்பது அடுத்து.

## பாரிஸிலிருந்து ஹார்ட்ஃபோர்டுக்கு

காது கேளாதவர்களுக்குப் பாடம் சொல்லித்தந்த பழைய பதிவுகளில் முக்கியமானது 16-ம் நூற்றாண்டு ஸ்பெயினில் இருக்கிறது. பேத்ரோ போன்சே தெ லியோன் என்ற துறவி, பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1620-ல் ஹுவான் பாப்லோ போனெத் விரலெழுத்தை அச்சில் வெளியிட்டார். இவையெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கான தனிப்பாடங்கள்.

ஏழைப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது பாரிஸில். 1760-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அபே த லெப்பே என்ற பாதிரியார், காது கேளாத இரு சகோதரிகளைச் சந்தித்த பிறகு இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பிள்ளைகள் தங்களுக்குள் பயன்படுத்திய சைகைகளைத் தடுக்காமல், அவற்றையே பாடத்துக்கு வழியாக்கிக்கொண்டார். இது பெரிய திருப்பம்தான். ஆனால் அவரும் ஆசிரியர்தானே. சும்மா இருக்க முடியவில்லை. அந்தச் சைகைகளோடு பிரெஞ்சு இலக்கணத்தின் பால், காலம், விகுதி எல்லாவற்றுக்கும் புதிதாகச் சைகை செய்து ஒட்டவைத்தார். மேலே சொன்ன நான்காம் வகை அங்கே தொடங்கியது. பிள்ளைகள் அதை வகுப்பில் செய்தார்கள். வெளியே வந்ததும் தங்கள் வழியிலேயே பேசினார்கள்.

லெப்பேதான் சைகை மொழியைக் கண்டுபிடித்தார் என்று இன்றும் சில பயிற்சிக் குறிப்புகளில் எழுதுகிறார்கள். அதை மறுக்க 1779-ல் வந்த ஒரு சாட்சியமே போதும். பியேர் தெலோஜ் என்ற புத்தகம் கட்டும் தொழிலாளி, சிறுவயதில் அம்மை நோயில் கேட்கும் திறனை இழந்தவர், தானே எழுதி ஒரு நூலை வெளியிட்டார். பாரிஸில் பள்ளிக்கூடமே போகாத காது கேளாதவர்கள் தங்களுக்குள் எந்த விஷயத்தையும் சைகையில் பேசிக்கொள்கிறார்கள் என்று அதில் விளக்கினார். மொழி தெருவில் ஏற்கெனவே இருந்தது. பள்ளி அதற்குக் கூடுமிடம் தந்தது.

அதே காலத்தில் ஜெர்மனியில் சாமுவேல் ஹைனிக்கே 1778-ல் லைப்சிக்கில் வேறு வகைப் பள்ளியைத் தொடங்கினார். பேச்சு வராமல் சிந்தனை வராது என்பது அவர் கட்சி. வாயால் பேசவும் பிறர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் பழக்கும் இதற்கு வாய்மொழி முறை என்று பெயர். எடின்பரோவில் தாமஸ் பிரெய்ட்வுட் நடத்திய பள்ளியும் பேச்சுக்கு முதலிடம் தந்தது. அந்தக் குடும்பம் தன் கற்பிக்கும் முறையைத் தொழில் ரகசியமாகவே வைத்திருந்தது.

அந்த ரகசியம் அமெரிக்காவின் வரலாற்றையே திருப்பிவிட்டது. தாமஸ் ஹாப்கின்ஸ் கேலடெட் என்ற இளம் மதகுரு, ஆலிஸ் காக்ஸ்வெல் என்ற அண்டைவீட்டுக் காது கேளாத சிறுமிக்காகப் பள்ளி தொடங்க நினைத்தார். முறையைக் கற்க 1815-ல் பிரிட்டனுக்குப் போனார். பிரெய்ட்வுட் குடும்பம் போட்ட நிபந்தனைகள் ஒத்துவரவில்லை. லண்டனில் பாரிஸ் பள்ளியின் தலைவர் சிக்கார் தன் காது கேளாத மாணவர்களோடு விளக்கக் கூட்டங்கள் நடத்திக்கொண்டிருந்தார். கேலடெட் அவர்களைச் சந்தித்து, பிறகு பாரிஸ் போய்க் கற்று, அங்கே ஆசிரியராக இருந்த காது கேளாத லோரான் கிளெர்க்கை 1816-ல் அமெரிக்காவுக்கு அழைத்துவந்தார். 1817 ஏப்ரலில் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி திறந்தது. கிளெர்க் கொண்டுவந்த பிரெஞ்சு சைகைகளும், பிள்ளைகள் ஊரிலிருந்து கொண்டுவந்த சைகைகளும் கலந்து அமெரிக்க சைகை மொழி வளர்ந்தது.

ஊரிலிருந்து வந்தவற்றில் ஒன்று தனியாகச் சொல்லத் தகுந்தது. மாசசூசெட்ஸ் கரையோரம் இருக்கும் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில், பரம்பரையாக வந்த காது கேளாமை அதிகம். 19-ம் நூற்றாண்டில் 155 பேருக்கு ஒருவர் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. பலருடைய வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ காது கேளாதவர் இருந்ததால் தீவில் காது கேட்பவர்களும் சைகையில் பேசினார்கள். மீன்பிடித்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், ஊர்க்கூட்டத்தில் பேசினார்கள். அங்கே காது கேளாதவர்கள் யாருக்கும் பிரச்சினையாகத் தெரியவில்லை. அந்த வழிவந்த கடைசி நபர் 1952-ல் இறந்தார். அங்கும் காது கேட்காததுதான். சுற்றி இருந்தவர்கள் எந்த மொழி பேசினார்கள் என்பது மட்டுமே வேறு.

## மிலன், 1880

1864-ல் அமெரிக்காவில் காது கேளாதோருக்கான கல்லூரி (பின்னாளில் கேலடெட் என்று பெயர்பெற்றது) பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஆபிரகாம் லிங்கன். 19-ம் நூற்றாண்டின் நடுவில் அந்த நாட்டில் காது கேளாதோர் பள்ளிகளின் ஆசிரியர்களில் சுமார் 40 சதவீதம் பேர் காது கேளாதவர்கள். இதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

1880 செப்டம்பரில் மிலன் நகரில் காது கேளாதோர் கல்விக்கான சர்வதேச மாநாடு கூடியது. 164 பேராளர்களில் காது கேளாதவர் ஒருவர்தான்: அமெரிக்காவிலிருந்து போன ஜேம்ஸ் டெனிசன். பேச்சே சைகையைவிட மேலானது, எனவே வாய்மொழி முறைக்கே முன்னுரிமை என்ற தீர்மானத்தை 160 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்தவர்கள் 4 பேர். அடுத்தடுத்த ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பள்ளிகள் சைகையை வகுப்பிலிருந்து வெளியேற்றின. கையைக் கட்டிப்போட்டது, கைமேல் உட்காரவைத்தது, பிரம்பால் அடித்தது என்று அந்தத் தலைமுறைகள் சொன்ன நினைவுகள் நிறைய உண்டு.

அத்தனை படித்தவர்கள் எப்படி இதற்குக் கையுயர்த்தினார்கள்? காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியவை.

1. மாநாட்டை ஏற்பாடு செய்தவர்கள் ஏற்கெனவே வாய்மொழிக் கட்சிக்காரர்கள். பேராளர்களில் பெரும்பான்மை இத்தாலியர்களும் பிரெஞ்சுக்காரர்களும்.
2. நன்றாகப் பேசும் மாணவர்களை மேடையேற்றிக் காட்டினார்கள். ஐந்தாறு வயதுவரை காது கேட்டுப் பேசப் பழகிய பிறகு கேட்கும் திறனை இழந்த பிள்ளைக்குப் பேச்சு தங்கும். பிறவியிலேயே கேட்காத பிள்ளையின் நிலை முற்றிலும் வேறு. பார்வையாளர் வரிசையில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும்.
3. அது தேசங்கள் உருவாகிக்கொண்டிருந்த காலம். ஒரு நாடு, ஒரு மொழி என்ற வேகத்தில் சிறுபான்மை மொழிகள் எல்லாமே அடிவாங்கின.
4. பரிணாமக் கொள்கையை அரைகுறையாகப் புரிந்துகொண்டு, சைகை மனிதன் காட்டுமிராண்டியாக இருந்த காலத்து எச்சம் என்று பலர் நம்பினார்கள்.

இதே காற்றில்தான் தொலைபேசிக்குப் பெயர்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் வருகிறார். அவருடைய தாயும் மனைவியும் காது கேளாதவர்கள். அவரே காது கேளாதோர் ஆசிரியர். 1883-ல் அவர் முன்வைத்த ஆய்வுரை, காது கேளாதவர்கள் தங்களுக்குள் மணந்துகொண்டால் மனித இனத்தில் காது கேளாத வகை ஒன்று உருவாகிவிடும் என்று எச்சரித்தது. விடுதிப் பள்ளிகளையும் காது கேளாத ஆசிரியர்களையும் குறைப்பது அவர் விரும்பிய வழிகளில் ஒன்று. அன்பும் நெருக்கமும் இருந்தால் தவறு நடக்காது என்று நினைப்பவர்கள் பெல்லைக் கொஞ்சம் படிக்கலாம்.

வாய்மொழி முறை ஏன் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கைகொடுக்கவில்லை என்பதை அறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். கண்ணாடி முன் நின்று, குரல் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து 'மாடு' என்று சொல்லுங்கள், அடுத்து 'பாடு'. இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கும். 'படம்', 'மடம்' இரண்டும் அப்படியே. க, ங, ட, ண போன்றவை வாய்க்கு உள்ளே பிறப்பவை. வெளியிலிருந்து பார்த்தால் அநேகமாக ஒன்றும் தெரியாது. மொழி ஏற்கெனவே தெரிந்தவர், இடம் பொருள் பார்த்து மிச்சத்தை ஊகித்துக்கொள்வார். மொழியையே இனிமேல்தான் கற்க வேண்டிய மூன்று வயதுக் குழந்தை எதை வைத்து ஊகிக்கும்? ஒரு சொல்லின் உச்சரிப்பைத் திருத்த மணிக்கணக்கில் போன பாட நேரம், கணக்குக்கும் வரலாற்றுக்கும் கிடைக்காமல் போனது தனிக் கதை.

1920-களுக்குள் அமெரிக்கப் பள்ளிகளில் காது கேளாத ஆசிரியர்கள் சுமார் 15 சதவீதமாகச் சுருங்கியிருந்தார்கள். பேச்சு சொல்லித்தர அவர்களால் முடியாது என்பது காரணம். விளைவு, காது கேளாத பிள்ளைகள் தங்களைப் போன்ற ஒரு பெரியவரைக்கூடப் பார்க்காமல் வளர்ந்தார்கள். வளர்ந்ததும் தங்களுக்குக் காது கேட்க ஆரம்பித்துவிடும் என்று நம்பிய பிள்ளைகளும் உண்டு.

## பண்பாடு எப்படிக் கடந்து வந்தது

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். காது கேளாத பிள்ளைகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களின் பெற்றோர் காது கேட்பவர்கள். அதாவது இந்தப் பண்பாடு தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவதில்லை. பிள்ளையிடமிருந்து பிள்ளைக்கு, விடுதியில், விளக்கணைத்த பிறகு, கழிப்பறையில், விளையாட்டுத் திடலில் போகிறது. வகுப்பில் தடை செய்யப்பட்ட மொழி அங்கேதான் நூறாண்டு தாக்குப்பிடித்தது. பழைய விடுதிப் பள்ளிகள் மூடப்படும்போது அந்தச் சமூகம் ஏன் அப்படிக் கொதிக்கிறது என்பது இதைத் தெரிந்தால்தான் புரியும். (விடுதிப் பள்ளிகளைப் புனிதமாக்கவும் வேண்டாம், அடி, தனிமை, வீட்டைப் பிரிந்த துயரம் எல்லாம் அங்கே இருந்தன.)

மொழி பிறப்பதையே நேரில் காட்டிய இடம் நிகராகுவா. 1970-களின் பிற்பகுதிவரை அங்கே காது கேளாதவர்கள் வீட்டுக்கு வீடு தனித்தனியே இருந்தார்கள். தலைநகர் மனாகுவாவில் பள்ளிகள் தொடங்கியதும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒன்றுசேர்ந்தார்கள். வகுப்பில் உதட்டசைவும் ஸ்பானிஷ் சொற்களும் சொல்லித்தரப்பட்டன, பெரிதாகப் பலனில்லை. பிள்ளைகளோ பள்ளி முற்றத்திலும் பேருந்திலும் வீட்டுச் சைகைகளைக் கலந்து பேசத் தொடங்கினார்கள். அடுத்து வந்த இன்னும் சிறிய பிள்ளைகள் அதற்கு ஒழுங்கான இலக்கணத்தை ஏற்றினார்கள். 1986-ல் மொழியியலாளர் ஜூடி கெகல் அழைக்கப்பட்டு வந்து பார்த்தபோதுதான் நடப்பது என்னவென்று வெளியுலகுக்குத் தெரிந்தது. உள்ளே ஆசிரியர்கள் இந்தப் பிள்ளைகளுக்கு மொழியே வரவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில், வெளியே அவர்கள் புதிய மொழி ஒன்றையே உருவாக்கிக்கொண்டிருந்தார்கள்.

பண்பாட்டின் பழக்கவழக்கங்கள் பெரும்பாலும் கண்ணால் வாழ்வதிலிருந்து கிளைத்தவை. கூப்பிடத் தோளை லேசாகத் தட்டுவார்கள், கையசைப்பார்கள், விளக்கை அணைத்துப் போடுவார்கள், மரத்தரையைக் காலால் உதைப்பார்கள். கைதட்டுவதற்குப் பதில் இரு கைகளையும் உயர்த்தி விரித்து அசைப்பார்கள். பேசும்போது பார்வையைத் திருப்பினால், காது கேட்பவர் தன் காதைப் பொத்திக்கொண்டது போன்ற அவமரியாதை.

ஒரு நடைவழியில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று சைகையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் நடுவில் புகுந்துதான் போக வேண்டும். புதியவர்கள் தயங்கி நிற்பார்கள், குனிவார்கள், அவர்கள் பார்க்கும்வரை காத்திருந்து மன்னிப்புக் கேட்பார்கள். அதனால்தான் பேச்சே தடைபடும். சட்டென்று நடந்து போய்விடுவதுதான் அங்கே நாகரிகம்.

பெயர்ச் சைகை இன்னொன்று. ஒருவரைக் குறிக்க அவருடைய இயல்பையோ தோற்றத்தையோ வைத்துச் சமூகத்துக்குள் இருப்பவர்கள் தருவது அது. ஆசிரியர் தனக்குத் தானே ஒன்றைச் செய்துகொள்வதும், பிள்ளைகளுக்குப் பட்டியல் போட்டு வழங்குவதும் முறையல்ல. உருவத்தை நேரடியாகச் சொல்வதும் ("எடை கூடிவிட்டது") தாமதமாக வந்தால் காரணத்தை விவரமாக விளக்குவதும் அங்கே இயல்பு. ஆசிரியர்கள் முதலாவதைத் துடுக்குத்தனம் என்றும் இரண்டாவதைச் சாக்குப்போக்கு என்றும் எடுத்துக்கொண்டு பிள்ளையின் மேல் கோபப்படுவது அடிக்கடி நடக்கிறது.

## காற்று திரும்பியபோது

ஸ்டோகி 1965-ல் டாரத்தி காஸ்டர்லைன், கார்ல் க்ரோனிபர்க் ஆகியோரோடு சேர்ந்து அமெரிக்க சைகை மொழிக்கு அகராதி வெளியிட்டார். அவர்கள் இருவரும் காது கேளாதவர்கள். சைகையாளர்களை ஒரு மொழிச் சமூகமாக வைத்து க்ரோனிபர்க் அதில் எழுதிய பகுதி, பண்பாடு என்ற பேச்சுக்கு ஆரம்பப் புள்ளிகளில் ஒன்று.

1988 மார்ச்சில் கேலடெட் பல்கலைக்கழகத்துக்கு மீண்டும் காது கேட்கும் தலைவர் நியமிக்கப்பட்டபோது மாணவர்கள் வளாகத்தை ஒரு வாரம் முடக்கினார்கள். 1864-லிருந்து 124 ஆண்டுக்குப் பிறகு ஐ. கிங் ஜோர்டன் முதல் காது கேளாத தலைவரானார். ஸ்வீடன் 1981-லேயே சைகை மொழியை ஏற்றுக்கொண்டு இருமொழிக் கல்விக்கு வழிசெய்திருந்தது. 2006-ல் நியூசிலாந்து அதை ஆட்சிமொழிகளில் ஒன்றாக்கியது, 2023-ல் தென்னாப்பிரிக்கா. 2006-ன் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ம் பிரிவு, சைகை மொழி கற்பதற்கும் காது கேளாதோரின் மொழி அடையாளத்துக்கும் வழிசெய்ய வேண்டும் என்கிறது; 30-ம் பிரிவு அவர்களுடைய பண்பாட்டைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மிலன் தீர்மானங்களுக்காக அதே மாநாட்டு வரிசை வருத்தம் தெரிவித்தது 2010-ல், வான்கூவரில்.

## வகுப்பறைக்கு வந்தால்

காது கேளாமையைவிட ஆபத்தானது மொழி இல்லாமை. முதல் சில ஆண்டுகளில் எந்த மொழியும் முழுதாகக் கிடைக்காத பிள்ளைக்கு, பிறகு எந்த மொழியும் கடினமாகிறது. சைகையோடு வளர்ந்தால் பேச்சு கெட்டுவிடும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. காது கேளாத பெற்றோரிடம் சைகையோடு வளர்ந்து, காக்ளியர் கருவியும் (அறுவை செய்து உட்காதில் பொருத்தும் கேட்புக் கருவி) பொருத்தப்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்தபோது, பேச்சு மொழித் தேர்வுகளில் அவர்கள் காது கேட்கும் பிள்ளைகளுக்கு ஈடாகவே இருந்தார்கள். கருவி பலருக்கு நன்றாக உதவுகிறது. ஆனால் சந்தடியான வகுப்பில் திணறும், கழற்றினால் அமைதி. கருவி இருக்கிறது என்பதால் மொழிப் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக நினைத்துவிட வேண்டாம்.

அன்றாடத்தில் இது சில இடங்களில் வெளிப்படும்:

1. கண் ஒன்றுதான். கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசினால், படத்தைக் காட்டிக்கொண்டே விளக்கினால், பிள்ளை இரண்டில் ஒன்றை இழக்கும். காட்டுங்கள், நிறுத்துங்கள், பிறகு விளக்குங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டாகிவிடும்.
2. எழுத்தில் வரும் பிழைகளில் பல, இரண்டாம் மொழி எழுதுகிறவர் செய்யும் பிழைகள். விகுதியும் வேற்றுமையும் தடுமாறுவதை வைத்து அறிவை எடைபோட முடியாது. அறிவியல் விடைத்தாளில் அறிவியலுக்கு மதிப்பெண் போடுங்கள்.
3. "ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்" என்ற வாக்கியத்தைக் காது கேளாத பெரியவர்கள் பலர் தங்கள் குழந்தைப் பருவத்தின் சுருக்கமாகவே சொல்வார்கள். வகுப்பே ஒரு நகைச்சுவைக்குச் சிரித்தால், அதை அப்போதே சொல்லுங்கள்.
4. மொழிபெயர்ப்பாளர் இருந்தால் பிள்ளையைப் பார்த்துப் பேசுங்கள், அவரைப் பார்த்து அல்ல. சைகை வந்துசேரச் சில விநாடி ஆகும். கேள்வி கேட்டு முதலில் உயர்ந்த கைக்கு வாய்ப்புக் கொடுத்தால், காது கேளாத பிள்ளை ஒருநாளும் பதில் சொல்லாது. பள்ளியில் ஒரே ஒரு காது கேளாத பிள்ளை என்றால், அதன் மொழி உலகமே அந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர்தான் என்பதையும் கவனியுங்கள்.

கடைசியாக, பயிற்சியைப் பற்றி. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரும் விளையாட்டு சில பயிற்சிகளில் உண்டு. திடீரென்று கேட்காமல் போனால் வரும் பதற்றத்தை அது காட்டும். சைகையோடு வளர்ந்தவரின் வாழ்க்கை அந்தப் பதற்றமில்லை. எனவே பரிதாபம் மட்டும்தான் மிஞ்சும். அந்த நேரத்தைக் காது கேளாத ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துவிடலாம். ஐ.நா. உடன்படிக்கையின் 24-ம் பிரிவே, சைகை மொழியில் தேர்ந்த ஆசிரியர்களை, மாற்றுத்திறனாளி ஆசிரியர்கள் உட்பட, பணியமர்த்தச் சொல்கிறது. அவரை அரை மணி நேரச் சிறப்பு விருந்தினராக மேடையில் உட்காரவைக்காமல், பாடத்திட்டம் போடும்போதே கூப்பிட வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்கு ஏற்பாடு செய்வது பயிற்சி நடத்துகிறவரின் வேலை. அந்தச் செலவும் காது கேளாத ஆசிரியருக்கான சம்பளமும் பயிற்சியின் வரவுசெலவுத் திட்டத்திலேயே முதலில் எழுதப்பட வேண்டும்.